மாவில் நான்கு குழிகள்

என் மகள் இறந்த பதினாறாம் நாள் மாலை, அவளுடைய அறையில் தாம்பாளத்தில் பரப்பி வைத்திருந்த அரிசி மாவில் ஒரு தடம் இருந்தது. அதை நான் உள்ளங்கையால் தடவி அழித்தேன். பிறகு கதவைத் திறந்து வெளியே வந்து, எனக்காகக் காத்திருந்த என் மனைவியிடம், "ஒன்னும் இல்ல" என்று சொன்னேன்.

செய்தது இவ்வளவுதான். ஐந்து நொடி வேலை. ஒன்பது வருடம் இதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது எனக்கு எழுபத்து நான்கு வயது. எழுதினால் ஏதாவது சரியாகிவிடும் என்று நம்பி எழுதவில்லை. சரிசெய்ய முயன்றும் பார்த்துவிட்டேன். அது எப்படிப் போயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கிள்ளானில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக முப்பத்தோரு வருடம் இருந்தேன். கூண்டில் நிற்கும் தமிழர்கள் சொல்வதை மாஜிஸ்திரேட்டுக்கு மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்ல வேண்டும். கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று சத்தியம் செய்து ஏற்ற வேலை. தோட்டங்களிலிருந்து வரும் பெண்கள் சிலர், "செத்துப்போன எங்க மாமியா கனவுல வந்து சொன்னாங்கய்யா" என்று ஆரம்பிப்பார்கள். வழக்கறிஞர் உடனே எழுந்து ஆட்சேபிப்பார். "கண்ணால பாத்தத மட்டும் சொல்லுங்கம்மா" என்று நான் அந்தப் பெண்ணிடம் திருப்பிச் சொல்வேன். அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை ஆயிரம் முறை சொன்னேனோ தெரியாது. சொல்லிச் சொல்லி அதுவே என் மதமாகிவிட்டது.

நான் பிறந்தது பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குடியிருப்பில். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். என் மனைவி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் மகள். நீதிமன்ற அலுவலகத்தில் தட்டெழுத்து வேலைக்கு வந்தவளை நான் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டேன். எங்கள் பக்கத்தில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. நான் பெருந்தன்மையாக நடந்துகொண்டதாக நினைத்தேன். ஆனால் அவள் வீட்டாரின் வழக்கங்களைப் பார்க்கும்போதெல்லாம் என் உதட்டில் ஒரு சிரிப்பு வந்துவிடும். அதை அவள் முப்பது வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

மகள் எங்களுக்கு ஒரே பிள்ளை. ஐந்து வயதில் அவளைச் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்துப் பாசார் சந்தைக்குப் போனேன். காலை அகட்டி வைத்துக்கொள்ளச் சொல்ல மறந்தேன். சக்கரக் கம்பியில் இடது கால் மாட்டிச் சுண்டுவிரல் போயிற்று. அன்றிலிருந்து அந்தக் காலில் நான்கு விரல்கள்தாம். வளர்ந்த பிறகு அவளே அதை வைத்து என்னைக் கேலி செய்வாள். செருப்புக் கடைக்குப் போனால், "அப்பா, ஒரு வெரலு கம்மிலா, டிஸ்கவுண்ட் கேளுங்க" என்பாள். கடைக்காரர் புரியாமல் விழிப்பார். நான் அங்கே தொங்கும் பைகளைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொள்வேன்.

இருபத்தாறு வயதில் அவளுக்குத் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. காலையில் லோரிகளுக்கு நடுவே காரை ஊர்ந்து ஓட்டிப் போய் வருவாள். ஒருநாள், தோழிகளோடு அங்கேயே அறை எடுத்துத் தங்குகிறேன் என்றாள். கல்யாணமாகாத பெண் தனியாகத் தங்குவது என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அன்று நான் பிரிக்பீல்ட்ஸில் என் அக்கா வீட்டில் இருந்தேன். திரும்பி வந்தபோது மனைவி சமையலறையில் முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். "போயிட்டா" என்றாள். வேறு எதுவும் அன்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் மகளுக்கு டெங்கி. வெறும் காய்ச்சல் என்று நினைத்து அறையிலேயே படுத்திருக்கிறாள். அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று தோழிகளிடம் சொல்லியிருக்கிறாள். மருத்துவமனைக்கு நாங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது நினைவு இல்லை. மறுநாள் மத்தியானம் எல்லாம் முடிந்துவிட்டது.

மாவு பரப்புவது என் மனைவியின் குடும்ப வழக்கம். பதினாறாம் நாள் இறந்தவருக்குப் பிடித்த சாப்பாட்டை எல்லாம் சமைத்து அவருடைய அறையில் படைப்பார்கள். படையலின் முன்னால் ஒரு தாம்பாளத்தில் அரிசி மாவைச் சலித்துப் பரப்பி, விளக்கேற்றிக் கதவைச் சாத்திவிட்டு, எல்லோரும் வெளியே உட்கார்ந்துவிடுவார்கள். இறந்தவர் வந்து சாப்பிட்டுப் போனால் மாவில் தடம் இருக்கும். அரை மணி நேரம் கழித்து வீட்டுக்கு மூத்த ஆண் ஒருவர் மட்டும் உள்ளே போய்ப் பார்ப்பார். அவர் வந்து சொல்வதுதான் முடிவு. யாரும் பின்னால் போய்ச் சரிபார்ப்பதில்லை. உடனே மாவைத் தண்ணீரில் கரைத்துச் செடிக்கு ஊற்றிவிடுவார்கள். இதற்குமுன் மூன்று சாவுகளில் நான் இதைப் பார்த்திருந்தேன். மூன்று தடவையும் உள்ளே போனவர் வெளியே வந்து, "வந்துட்டாங்க" என்றார். பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் ஒரு மூலையில் நின்று, என் உதட்டுச் சிரிப்போடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகளின் பதினாறாம் நாளுக்கு என் அக்காவும் வந்திருந்தாள். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டாள்.

"என்னடா, மீன் மணக்குது. எங்கட ஆக்கள் இப்பிடிச் செய்யிறேல்ல. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியை ஒழுங்காச் செய்தாப் போதும். உந்த மாவுக் கூத்து என்னத்துக்கு?"

மாவுச் சல்லடையைக் கையில் வைத்திருந்த என் மைத்துனர், என் மனைவியின் அண்ணன், லோரி ஓட்டுகிறவர், திரும்பிப் பார்த்தார். "அக்கா, பாப்பாவுக்கு வாவல் மீனுன்னா உசுரு. அவளுக்குத்தான் வச்சிருக்கு, உங்களுக்கு இல்லலா."

யாரோ சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. அவள் சாத்தியிருந்த கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து கதவின் அடிவிளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு வைக்கும் நேரம். மாவு பறக்காமலிருக்க அறையில் மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள்.

அரை மணி நேரம் ஆனதும் மைத்துனர் என் தோளைத் தொட்டார். "மச்சான், நீங்கதான் போவணும். பெத்த அப்பா. பாத்துட்டு வந்து சொல்லுங்க."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். சோறு, பொரித்த வாவல், கத்திரிக்காய்ப் பிரட்டல், ஒரு குவளையில் அவளுக்குப் பிடித்த சிராப் பண்டுங், ரோஸ் மணக்கும் பால். ஐஸ் கரைந்து குவளையின் வெளிப்பக்கம் நனைந்திருந்தது. தாம்பாளத்தைப் பார்த்தேன். மாவின் நடுவில் சற்று இடப்பக்கமாக நான்கு குழிகள் இருந்தன. விரல் நுனி அளவு. ஒரு வளைவில், பெரியதிலிருந்து சிறியதாக. ஐந்தாவது இருக்கவேண்டிய இடத்தில் மாவு அப்படியே இருந்தது.

பூனை என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு மஞ்சள் பூனை ஜன்னல் கம்பிக்கு நடுவே நுழைந்து வரும். அடுத்து அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. அதற்கடுத்து நாளைக் காலை. இதைச் சொன்னால் தாமான் குடியிருப்பு முழுவதும் வாசலில் நிற்கும். எலுமிச்சம்பழத்தோடு வருவார்கள். இறந்த பிள்ளையிடம் லாட்டரி நம்பர் கேட்கிறவர்களும் வருவார்கள். என் மகள் ஒரு வேடிக்கைப் பொருளாகிவிடுவாள்.

இவையெல்லாம் பின்னால் நான் கட்டி அடுக்கிய காரணங்களாகவும் இருக்கலாம். அந்த நொடியில் இருந்தது பயம்தான். இது மட்டும் உண்மையாக இருந்தால், கூண்டில் நின்ற அத்தனை பெண்களிடமும் நான் சொன்னது என்னவாகும் என்ற பயம். கை தானாக நீண்டது. மாவு குளிர்ச்சியாக இருந்தது.

வெளியே வந்து சொன்னேன். "ஒன்னும் இல்ல."

என் மனைவி தரையிலிருந்து எழவில்லை. "நல்லா பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"ஓரத்துல?"

"சுத்தமா இருக்கு."

என் வலது கையை வேட்டியின் பின்னால் துடைத்துக்கொண்டேன். மைத்துனர் என்னைப் பார்த்த பார்வை அப்போது எனக்குப் புரியவில்லை. என் நேர்மைக்கு மரியாதை கொடுக்கிறார் என்றுகூட நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து, துணி மடித்துக்கொண்டிருந்தபோது, மனைவி தலையை நிமிர்த்தாமல் பேசினாள்.

"அவ பெட்டிய தூக்கிட்டுக் கெளம்பறப்ப நான் என்னா சொன்னேன் தெரியுமா? போனா அப்படியே போயிடு, இந்த வாசப்படிய மிதிக்காதேன்னேன்." மகளின் சட்டை ஒன்றை மடியில் வைத்து நீவினாள். "மிதிக்கல பாத்தீங்களா. செத்தும் மிதிக்கல."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். மாவில் நான்கு விரல்கள் இருந்தன என்று நான்கே வார்த்தை. ஆனால் அதைச் சொன்னால் முதலில் சொன்னது பொய் என்றும் சொல்ல வேண்டும். நான் அதற்குப் பதிலாக அவளுக்குப் பாடம் நடத்தினேன். செத்தவர்கள் வருவதில்லை, தோட்டத்தில் படிக்காத சனங்கள் கட்டிய கதை இது, உண்மையில்லாத ஒன்றுக்காக ஏன் அழுகிறாய் என்றேன். பொறுமையாகத்தான் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே துணியை மடித்தாள். முதல் குற்றத்தை ஐந்து நொடியில் செய்தேன். இரண்டாவதை நின்று நிதானமாகச் செய்தேன்.

அதன் பிறகு அவள் தேட ஆரம்பித்தாள். மற்ற எல்லோருக்கும் செத்தவர்கள் தெரிகிறார்கள், எனக்கு மட்டும் தெரியவில்லை என்பாள். வெள்ளிக்கிழமை தோறும் கிள்ளானிலிருந்து கொமியூட்டர் ரயிலில் பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்குப் போவோம். அவளைத் தனியாக அனுப்ப எனக்கு மனமில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அங்கே ஒருவர், முதலை விழுங்கிய பிள்ளை திரும்பி வந்த கதையைச் சொன்னார். ஒரே தெருவில் எதிரெதிரே இரண்டு வீடுகள். ஒரு வீட்டில் பையனுக்குப் பூணூல் கல்யாணம். மற்ற வீட்டில் அழுகை. அதே வயதுள்ள அந்த வீட்டுப் பிள்ளை குளத்தில் முதலை வாயில் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்த வழியாக வந்த அடியார் அழுகைச் சத்தம் கேட்டு நின்று விசாரித்து, குளக்கரைக்குப் போய்ப் பாடினார். முதலை வந்து பிள்ளையைக் கரையில் விட்டது. இடைப்பட்ட வருடங்களின் வளர்ச்சியோடு பிள்ளை எழுந்து நின்றது.

திரும்பும் ரயிலில் அவள் கேட்டாள். "அது நெசமா நடந்துச்சா?"

"கதை."

"கதையா இருந்தா ஏன் கோயில்ல சொல்றாங்க?"

"ஆறுதலுக்கு. முதலை வயித்துல பிள்ள எப்படி வளரும்? யாரு பாத்தா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நடந்ததா இல்லையா என்ற கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில் தப்பில்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் அவள் கேட்டது அந்தப் பிள்ளையைப் பற்றியா?

எங்கள் வரிசையில் நாலாவது வீட்டில் ஒரு கத்தோலிக்க அம்மா இருக்கிறார். கணவரை இழந்தவர். அவர் கணவர் வருடத்தில் ஒருநாள் இரும்புக் கேட்டருகே வந்து நிற்பார் என்று, தபால்காரர் வந்தார் என்பதுபோல் சாதாரணமாகச் சொல்வார். ஓர் ஈஸ்டர் அன்று கேக் கொண்டுவந்தார். நான் சும்மா இருக்காமல் குறுக்கு விசாரணையை ஆரம்பித்தேன். உங்கள் ஆண்டவரின் கல்லறை காலியாக இருந்தால், உடம்பை யாராவது தூக்கிக்கொண்டு போயிருக்கலாமே என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "அண்ணே, மொதல்ல போயி பாத்தது பொம்பளைங்க. ஓடிவந்து சொன்னதுக்கு ஆம்பளைங்க நம்பல, ஒளர்றாளுங்கன்னுட்டாங்க. ரெண்டாயிரம் வருஷமாச்சு, நீங்க இன்னும் அங்கியேதான் நிக்கிறீங்கலா" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அவர் போன பிறகு என் மனைவி கேக் தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள். "அந்தப் பொம்பளைங்க பாத்தாங்க. பாத்தத போயி சொன்னாங்க. உள்ள வச்சிக்கல."

அவளுக்கு ஏதோ தெரிந்துவிட்டதோ என்று பல வாரம் பயந்தேன். தெரிந்திருக்கவில்லை. அவள் அந்தப் பெண்களைத்தான் சொன்னாள்.

மகள் போய் ஆறாவது வருடம் மைத்துனரோடு தெலுக் பங்லிமா காராங்கில் ஓர் ஒட்டுக்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அவர் லோரியை எதிரே நிறுத்தியிருந்தார். அவர் தங்கை சரியாகச் சாப்பிடுவதில்லை, இனிப்புநீர் நோய் முற்றிவிட்டது, மருந்தை எடுக்க மறுக்கிறாள் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் திடீரென்று கேட்டார்.

"மச்சான், கோச்சிக்காதீங்க. அன்னிக்கு ஏன் அப்படி சொன்னீங்க?"

"எப்படி?"

"ஒன்னும் இல்லேன்னு. எங்க குடும்பத்துல யாருமே அப்படி சொன்னதில்லலா." தேநீரை ஆற்றினார். "எங்கப்பாவுக்கு நான்தானே உள்ள போனேன். மாவுல ஒரு மண்ணும் இல்ல. போட்டது போட்டபடி இருந்துச்சு. வெளிய அம்மா ஒக்காந்திருக்காங்க. நான் போயி இல்லேங்கவா? வந்துட்டாரும்மா, கட்டவெரலு நல்லா பதிஞ்சிருக்குன்னேன். அம்மா அன்னிக்குத்தான் சோறு தின்னாங்க. எங்க சித்தப்பாவும் அப்படித்தான் சொல்லியிருப்பாரு. உள்ள போறவன் வேல அதுதானே. உங்களுக்கு யாரும் சொல்லித்தரலையா?"

யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தருகிற விஷயமா அது? அந்தக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். முப்பது வருடம் மூலையில் நின்று சிரித்த எனக்குத் தெரியவில்லை. படிக்காத சனங்கள் எதையோ நம்பி ஏமாறுகிறார்கள் என்று நான் நினைத்த இடத்தில், அவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் எதுவும் இல்லாத மாவைப் பார்த்து, வந்தார் என்றார். நான் தடம் இருந்த மாவைப் பார்த்து, இல்லை என்றேன். எங்கள் இருவரில் பொய் சொன்னவன் யார் என்று நீதிமன்றத்தில் கேட்டால் இரண்டு பேரும் என்றுதான் தீர்ப்பு வரும். எனக்கு அந்தத் தீர்ப்பு இப்போது போதவில்லை.

அவரிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. தேநீரைக் குடித்து முடித்தேன்.

அன்றிலிருந்து எனக்கு வேறொரு நோய் பிடித்தது. தடம் பூனையுடையதா என்று நானே வாதியும் பிரதிவாதியுமாக வழக்காடினேன். பூனையின் பாதத்திலும் நான்கு விரல்தான் பதியும். ஆனால் நடுவில் பெரிய திண்டு ஒன்றும் பதிய வேண்டும். பதிந்திருந்ததா? நினைவில்லை. பூனை வந்திருந்தால் மீனைத் தொடாமல் போயிருக்குமா? மீன் முழுதாக இருந்தது, அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பல்லி விழுந்திருக்கலாம். குவளையிலிருந்து நீர் தெறித்திருக்கலாம். வளைவாக, பெரியதிலிருந்து சிறியதாகத் தெறிக்குமா? மாவை நான் அழித்துவிட்டேன். சான்றை அழித்தவனே ஒரே சாட்சி. அப்படிப்பட்ட சாட்சியை எந்த மாஜிஸ்திரேட்டும் ஒரு நிமிடம்கூடக் கேட்கமாட்டார்.

போன வருடம் மனைவியின் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோயின. வாரத்துக்கு மூன்று நாள், நான்கு மணி நேரம் டயாலிசிஸ். இதயமும் பலவீனம், எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். ஊசி குத்தி அவளைப் படுக்க வைத்த பிறகு நான் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவேன். அவள் ஒருநாள் கூரையைப் பார்த்தபடி சொன்னாள்: "நான் போனா அங்கயாச்சும் என்ன பாப்பாளா? மூஞ்சிய திருப்பிக்குவாளா?"

அந்த இடத்தில் சொன்னேன். அவள் எழுந்து போக முடியாத இடமாகப் பார்த்துச் சொன்னேன் என்பதும் உண்மை.

"மாவுல தடம் இருந்துச்சு. நான் அழிச்சிட்டேன்."

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அவள் முகம் இளகியது. அப்படி அவள் என்னைப் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது.

"வயசான காலத்துல பொய் சொல்லக் கத்துக்கிட்டீங்களா? பரவால்ல. நல்லாத்தான் சொல்றீங்க."

"பொய் இல்ல. சத்தியம்." நீதிமன்றத்தில் தூக்குவதுபோல் என் கை மேலே போய்விட்டது.

"கைய கீழ போடுங்க, நர்ஸு பாக்குது. கோர்ட்டுல கைய தூக்குறவன்ல பாதிப் பேரு பொய்யின்னு நீங்கதானே சொல்லுவீங்க." கண்ணை மூடிக்கொண்டாள். "அண்ணன் சொல்லிக் குடுத்துச்சா? இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம். இப்பயாவது தோணுச்சே."

நான் செய்த கொடுமைக்கு அவள் எனக்கு நன்றி சொன்னாள். அதை என்னால் தாங்க முடியவில்லை. அவள் நம்பாமலேயே ஆறுதலடைந்துவிட்டாளே, இதோடு நிறுத்திக்கொள் என்று ஒரு குரல் சொன்னது. நிறுத்தியிருக்கலாம். என் மைத்துனர் நிறுத்தியிருப்பார். எனக்கு அது போதவில்லை. அவள் என்னை நம்பவேண்டும் என்று இருந்தது.

"நாலு வெரலு" என்றேன். "சுண்டுவெரலு இல்ல. பண்டுங் கொவளைக்கு இந்தப் பக்கம். நான் வெளிய வந்து கைய வேட்டியில தொடச்சேன். நீ துணி ஊறவச்சப்ப, வேட்டி பின்னால என்னா வெள்ளையா இருக்குன்னு கேட்ட. திருநீறுன்னு சொன்னேன்."

அவள் கண்ணைத் திறந்தாள். முகத்திலிருந்த இளக்கம் போயிற்று.

"திருநீறுன்னீங்க" என்றாள்.

"ஆமா."

"ஒம்பது வருஷம்."

நான் அவள் போர்வையை இழுத்துவிட்டேன்.

"அவ வந்தாளா, பூன வந்துச்சா, எனக்குத் தெரியாது. பூனன்னே வச்சிக்குங்க. பூனன்னு சொல்லியிருந்தாகூட நான் பாப்பான்னு எடுத்துக்கிட்டிருப்பேன். அத முடிவு பண்ண நீங்க யாரு?" மூச்சு வாங்கியது. "ரயில்ல கேட்டேனே, முதல கத. அதுல முதல நெசமான்னு நான் கேக்கல. ஒருத்தி அழுவுற சத்தம் கேட்டு ஒரு ஆளு நின்னாரு பாருங்க, அது நெசமான்னு கேட்டேன். நீங்க வீட்டுக்குள்ளயே இருந்தீங்க. நிக்கல."

மீதி இரண்டு மணி நேரம் அவள் என்னைப் பார்க்கவில்லை. காரில் ஏற்றும்போது மட்டும் சொன்னாள். "தெவசத்துக்கு மாவு பரப்பணும். இந்தத் தடவ நான்தான் உள்ள போவேன்."

மகளின் ஒன்பதாம் வருடத் திதி நான்கு வாரத்தில் வந்தது. யாரையும் கூப்பிட வேண்டாம் என்றாள். வாவல் மீனை நான்தான் பொரித்தேன், ஒரு பக்கம் கருகிவிட்டது. கத்திரிக்காய்ப் பிரட்டலும் சோறும் அவள் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் செய்தேன். பண்டுங் கலக்கினேன். அதே அறை, அதே தாம்பாளம். ஜன்னல் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக இறுக்கி மூடினேன். எந்தப் பூனையும் நுழையக் கூடாது.

மாவைச் சலித்துப் பரப்பியபோது அறையில் நான் தனியாக இருந்தேன். அவள் வெளியே கூடத்தில். வலது கையின் நான்கு விரல் நுனிகளை மாவின் மேல் கொண்டுபோனேன். ஒரு முறை அழுத்தினால் போதும். அந்தக் குடும்பத்தில் உள்ளே போகிறவன் வேலை அதுதான் என்று இப்போது எனக்குத் தெரியும். நான் அழுத்தவில்லை. நேர்மையால் அல்ல. போலியாக ஒன்றை வைத்துவிட்டால், உண்மையில் வருகிறவளுக்கு இடம் இல்லாமல் போய்விடும் என்று நினைத்தேன். முப்பத்தோரு வருடம், கண்ணால் பார்த்ததை மட்டும் சொல் என்று மற்றவர்களுக்குச் சொன்னவன், அந்த அறையில் நின்று அப்படித்தான் நினைத்தேன்.

கதவைச் சாத்திவிட்டு, ஒன்பது வருடத்துக்குமுன் அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் நாற்காலியில் இருந்தாள். வா, ஒரு தடவை வா, எனக்காக இல்லை என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அது பொய். எனக்காகவும்தான்.

அரை மணி நேரம் ஆனதும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நான் கைகொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் உள்ளே ஐந்து நொடிதான் இருந்தேன். அவள் நீண்ட நேரம் இருந்தாள். ஒரு முறை தாம்பாளம் தரையில் மெல்ல உரசும் சத்தம் வந்தது. அழுகையா, பேச்சா என்று தெரியாத ஏதோ ஒன்றும் கேட்டது. கதவின் அடிவிளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. அவள் முகம் ஈரமாக இருந்தது. வலது உள்ளங்கை முழுவதும் வெள்ளை மாவு. அவள் அதைத் துடைக்கவுமில்லை, மறைக்கவுமில்லை.

"ஒன்னும் இல்ல" என்றாள்.

அவள் கூடத்துக்குப் போய் உட்கார்ந்ததும் நான் உள்ளே ஓடினேன். மீன் அப்படியே இருந்தது. மாவின் மேல் விரல்கள் இழுத்த கோடுகள், ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை. உள்ளங்கையால் தடவிய மாவு எப்படி இருக்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. தடவுவதற்குமுன் அதில் என்ன இருந்தது? வெறும் மாவைத்தான் ஆசையாகத் தொட்டாளா? தரையில் மண்டியிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எங்காவது ஓர் ஓரத்தில் ஒரு குழியாவது மிச்சமிருக்கிறதா என்று தேடினேன். வெளியே அவள் கூப்பிட்டாள். பசிக்கிறது, சோற்றை எடுத்து வாருங்கள் என்றாள். அன்று அவள் அந்த மீனில் பாதியைச் சாப்பிட்டாள். டயாலிசிஸ்காரர்கள் சாப்பிடக்கூடாத அளவு. நான் தடுக்கவில்லை.

அன்றிரவு கேட்டேன். மறுநாள் கேட்டேன். என்ன இருந்தது என்று கெஞ்சினேன். மூன்றாம் நாள் டயாலிசிஸ் படுக்கையில், குரலை உயர்த்தாமல் பதில் சொன்னாள்.

"நீங்க ஒம்பது வருஷம் வச்சிருந்தீங்க. நான் கொஞ்ச நாள் வச்சிக்கிறேன்."

அவளுக்குக் கொஞ்ச நாள்தான் இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். போன வாரம் இரண்டு முறை மூச்சுத் திணறி ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டு முறையும் அவள் காதருகே குனிந்து நான் அதைத்தான் கேட்டேன். வலிக்கிறதா என்று கேட்கவில்லை. அது எவ்வளவு அசிங்கம் என்று தெரிந்தேதான் கேட்டேன்.

நேற்று காரில் போகும்போதும் கேட்டேன். சிவப்பு விளக்கில் வண்டி நின்றிருந்தது. அவள் தன் வலது கையைத் திருப்பி, உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "பச்ச விழுந்திருச்சு, போங்க" என்றாள்.